கயிறு இல்லாமல் வராத பாட்டு

கோவலனும் மாதவியும் பிரிந்தது ஒரு பாட்டினால். இந்திர விழா முடிந்து கடலாடப் போன இடத்தில், புகார்க் கடற்கரைப் புன்னை நிழலில், மாதவி யாழைச் சுருதி சேர்த்துக் கொடுத்தாள். அவன் பாடினான். பாட்டுக்குள் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. யாழை வாங்கி அவளும் பாடினாள், தன் மனத்திலும் வேறொருவன் இருப்பதைப் போல. அவன் எழுந்து போய்விட்டான். பிறகு நடந்தது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தப் பாட்டுகள்தாம் கானல் வரி. சொல் நம்மிடம் இருக்கிறது. எந்த மெட்டில் பாடினார்கள் என்று அடித்துச் சொல்ல இன்றைக்கு ஆள் கிடையாது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தார். இசை பற்றிய செய்திகளை அள்ளி அள்ளிக் கொடுக்கும் அடியார்க்கு நல்லாரின் உரை வேறு பல காதைகளுக்குக் கிடைத்தது. கானல் வரிக்குக் கிடைக்கவில்லை. எது வேண்டுமோ அதுவே கிடைக்காமல் போனது.

பூம்புகாருக்குப் போகிறவர்கள் 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எழுநிலை மாடம், சுவர் நெடுகச் சிற்பங்கள். கோவலன் கதை அங்கே கல்லில் இருக்கிறது. பாட்டால் திரும்பிய கதைக்கு எழுப்பிய மாடத்தில் நாம் பார்ப்பதெல்லாம் கல்தான். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் கடல். அங்கே இன்னும் சிலர் பாடுவார்கள், கேட்டால். அவர்களில் பெரும்பாலோருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

சொல்லைக் காப்பாற்றுவதில் நாம் கெட்டி. ஓசையைக் கோட்டை விடுவதிலும் கெட்டி. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கெட்டித்தனத்தைப் பற்றியது.

தேவாரத்துக்கும் இதே கதி வந்ததுதான். தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். ஏடு கிடைத்தபின்தான் தெரிந்தது, பாடத் தெரிந்தவர்கள் இல்லை என்று. கடைசியில் எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் பண் இருந்தது. அவரை அழைத்துவந்து பாடச் சொல்லித்தான் பண்முறை வகுத்தார்களாம். ஓதுவார்கள் இன்று பாடும் தேவாரத்துக்கு ராகம் கொடுத்தவர், புராணக் கணக்குப்படி, அந்தப் பாணர் குலத்துப் பெண்மணி. மன்னர் பேரும் நம்பி பேரும் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரைச் சொல்வார் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் நிலைமை வேறு. தேவாரத் திருப்பதியம் பாட 48 பேர், கொட்டு வாசிக்க 2 பேர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் கணக்கப்பிள்ளையின் ஒழுங்கு, நம் காலத்துக் கேசட் கம்பெனிகளுக்கு வரவில்லை. கிராமிய இசை என்று விற்ற கேசட்டுகளின் உறையைப் புரட்டிப் பாருங்கள்: 'பாடியவர்கள்: குழுவினர்.'

புகார்ப் பாட்டைத் திரும்பப் பாட முயன்றவர்களும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து வந்த விபுலாநந்த அடிகள் பல வருடம் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், யாழை மறுபடி செய்து காட்டி, அரங்கேற்றினார். அடுத்த மாதமே மறைந்தார். குடந்தை ப. சுந்தரேசனார் (1914–1981) இன்னொருவர். சிலப்பதிகாரத்தையும் தேவாரத்தையும் பேச்சோடு நிறுத்தாமல் மேடையில் தானே பாடிக் காட்டியவர். அவர் குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால், அவர் போன ஊர்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்த சில ஆர்வலர்களால்தான். புதுச்சேரிப் பேராசிரியர் மு. இளங்கோவன் அந்தப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து, அவரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு, சில வீடுகளின் பரண்மேல் இருந்த நாடாச் சுருள்களில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

கரையில்

கடற்கரைப் பாட்டுக்கு வருவோம். மீனவர்கள் வேலை செய்யும்போது பாடுவதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். கரைவலை இழுக்கும்போதுதான் அது முழு உருவத்தில் கேட்கும். வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து, மறுமுனைக் கயிற்றைத் தள்ளி ஓரிடத்தில் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க வேண்டும். நடுவில் மீன் விழும் பைக்கு மடி என்று பெயர். அது கரைக்கு வர மணிக்கணக்காகும். அத்தனை கையும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போனால்தான் கயிறு நகரும். ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். அந்த வாங்கலில்தான் இழுப்பு. தொடக்கத்தில் நிதானம். மடி நெருங்க நெருங்கப் பாட்டும் ஓட்டம் பிடிக்கும்.

பூம்புகாரை ஒட்டிய ஒரு குப்பத்தில், இளம் வயதில் அடி எடுத்துப் பாடிய பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, "கொஞ்சம் பாடுங்கய்யா" என்றதற்குச் சிரித்தார்.

"சும்மா ஒக்காந்துகிட்டு அம்பா பாடச் சொன்னா எப்படித் தம்பி? கயிறு வேணும்ல."

பேரன் ஒரு நைலான் கயிற்றை எடுத்து, கரையில் ஏற்றியிருந்த ஃபைபர் படகின் மூக்கில் கட்டினான். பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை மணலில் ஊன்றிக் கயிற்றைப் பிடித்தார். படகு அசையவில்லை. குரல் அசைந்தது. மூன்றாவது அடியில், பத்தடி தள்ளி வலை சீர்செய்துகொண்டிருந்த இரண்டு பேர் தலை நிமிராமலே ஏலேலோ வாங்கினார்கள். பாட்டு முடிந்ததும் சொற்களை எழுதிக்கொள்ள நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னேன். நடுவில் இரண்டு அடி வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார். மறுபடி கயிற்றைக் கையில் கொடுத்ததும் வந்துவிட்டது.

பதிவைப் போட்டுக் கேட்டபோது, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் அவர் விட்ட மூச்சு ஒரு முனகலாகக் கேட்டது. "இத கட் பண்ணிடலாமா?" என்றான் பேரன். பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அத எடுத்துட்டா எதுலடா இழுப்ப?"

நாட்டார் பாட்டைப் பதிவு செய்கிறவர்களுக்குக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கும் பாடத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். இந்தப் பாட்டுகளுக்குத் தாளம் வேலையிலிருந்து வருகிறது. ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய், பின்னணியில் கீபோர்டும் தபேலாவும் சேர்த்துப் பதிந்தால், கிடைப்பது வேறு ஏதோ ஒன்று. கேட்க நன்றாகக்கூட இருக்கலாம்.

வேலை போனால் பாட்டு போகும். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் உயிர்களோடு கட்டுமரங்களையும் கொண்டுபோனது. நிவாரணமாக வந்தவை ஃபைபர் படகுகள், கூடவே மோட்டார். உழைப்பு குறைந்தது, அதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? துடுப்பு வலிப்பதன் வேதனை கரையில் நின்று ரசிக்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் மோட்டார் சத்தத்தில் யாரும் பாடுவதில்லை.

வயலில்

உள்ளே, நெல்வயல் பக்கம், கதை இன்னும் சிக்கலானது. டெல்டாவின் நாட்டுப்பாட்டை முதலில் மதித்துப் புத்தகமாக்கியவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர்தான்: மாயவரத்துக்கு அருகே திருச்சிற்றம்பலத்தைச் சேர்ந்த மு. அருணாசலம். அவருடைய 'காற்றிலே மிதந்த கவிதை' 1943இல் வந்தது. அடுத்து, பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்து வைத்த பாடல்கள் தஞ்சை சரஸ்வதி மஹாலுக்கு வந்துசேர்ந்தன. கி.வா.ஜகந்நாதன் அவற்றைப் பதிப்பித்து, 1958இல் 'மலையருவி' என்று வெளியிட்டார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல். மூன்றும் பெரிய காரியங்கள். மூன்றும் கண்ணால் படிக்கும் புத்தகங்கள். கானல் வரிக்கு நேர்ந்ததுதான் இந்தப் பாட்டுகளுக்கும் மறுபடி நேர்ந்தது, ஒலிப்பதிவுக் கருவி உலகத்துக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும்.

நடவுப் பாட்டு பாடியவர்கள் கூலிக்கு நட்ட பெண்கள். நாற்று முடிச்சைப் பிரித்து, வரிசை கட்டிப் பின்னால் நகர்ந்துகொண்டே பாடுவார்கள். முதுகு வலி, புருஷன் குடி, ஆண்டை வீட்டு அளவு மரக்காலின் சூது எல்லாம் உள்ளே வரும். வரப்பில் குடை பிடித்து நிற்கும் ஆளைப் பெயர் சொல்லாமல் கிழிப்பதில் அவர்களுக்கு நிகர் கிடையாது. அவருக்கும் புரியும்; பாட்டுதானே என்று நின்றுகொண்டிருப்பார்.

சீர்காழிப் பக்கம் ஒரு பாட்டி அப்படியொரு பாட்டை முழுசாகப் பாடினார். கடைசி அடி முடிந்ததும் கருவியைக் கையால் மூடினார். "இதை எங்கயும் போட்றாத தம்பி. அந்த வீட்டுப் பேரன்தான் இப்ப எம் மவனுக்கு வண்டிக் கடனுக்கு ஜாமீன்." அவர் பாடியதற்கும் மறைக்கச் சொன்னதற்கும் நடுவில் இந்த ஊரின் ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. அந்தப் பதிவு வெளியே வராது. வரக் கூடாது.

ஒப்பாரிக்கு வேறொரு தடை. சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்பார்கள். நன்றாகப் பாடத் தெரிந்தவர்களே வாயைத் திறக்க மாட்டார்கள். தெருத் தாண்டி, வயலோரம், வாய்க்கால் மதகடிக்குப் போனால் பாடுவார்கள். சாவு வீட்டில் கருவியை நீட்டுவது வேலைக்காகாது, மரியாதையும் இல்லை. இதெல்லாம் தெரியாமல் ஊருக்குள் வரும் ஆராய்ச்சி மாணவர், பாவம், 'அவர்கள் பாட மறுத்தார்கள்' என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. தண்ணீர் தள்ளிப்போகும் வருடங்களில் நேரடி விதைப்பு. கைநடவு இருக்கும் இடங்களிலும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வயலில் பாட்டு கேட்கத்தான் செய்கிறது. வரப்பில் வைத்த போனிலிருந்து. அந்தப் பிள்ளைகளின் ஊரிலும் நடவுப் பாட்டு இருந்திருக்கும் அல்லவா? அதையும் யாராவது கேட்டு வைத்தால் தேவலை.

வேலைப் பாட்டுகளைவிடக் கோயில் நாகசுர மேளத்தின் நிலை கொஞ்சம் மேல். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டில் இருக்கிறது. கோயில் வாசலில் மணிக்கணக்கில் விரிந்த ஆலாபனையை, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் கொள்ளும் தட்டுக்குள் அவர் மடக்க வேண்டியிருந்தது. கருவியின் அளவு இசையின் அளவானது. நாம் போற்றும் அந்தத் தோடி அசல் தோடியின் கைக்குட்டை அளவு. அதுவாவது இருக்கிறதே என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஊருக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிகளை, வீதி வீதியாக, தவிலோடும் கூட்ட இரைச்சலோடும், ஊர்வாரியாகப் பதிந்து வைத்தவர் எத்தனை பேர்?

தீவுக்காரர்கள் செய்தது

கடல் தாண்டி ஒரு பார்வை. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆய்வுக் குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. குழுவில் இருந்த சார்லஸ் மையர்ஸ் அங்கே மெழுகு உருளைகளில் தீவுப் பாட்டுகளைப் பதிந்தார். களத்துக்கே போய்ப் பதிந்த மிகப் பழைய ஒலிப்பதிவுகளில் அவையும் சேரும். இலங்கை வேடர்களைப் பற்றி 1911இல் செலிக்மன் தம்பதி எழுதிய நூலில் இசை பற்றிய பகுதியை எழுதியவரும் இதே மையர்ஸ்தான். உருளைகள் லண்டனுக்குப் போயின. பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்கப் பல தலைமுறை ஆயிற்று. பிரிட்டிஷ் நூலகம் 2019இல் தொடங்கிய 'ட்ரூ எக்கோஸ்' என்ற திட்டம், அப்படிப் போன உருளைகளின் ஒலியைப் பசிபிக் தீவு மக்களிடமே திரும்பக் கொண்டுசேர்க்கும் முயற்சி.

வனுவாட்டு இதில் ஒருபடி முன்னே போய்விட்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அந்த நாட்டின் பண்பாட்டு மையம் வெளியூர் ஆய்வாளரை மட்டும் நம்பாமல், தீவு தீவாக உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தது. அவர்களே பதிவாளர்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். பதிவுகளில் எதை யார் கேட்கலாம் என்பதைப் பாட்டுக்கு உரிமையுள்ள குடும்பமும் ஊரும் தீர்மானிக்கின்றன. மற்றவர்களுக்குத் திறக்காத பதிவுகளுக்கென்று பூட்டிய அறையே உண்டு. சீர்காழிப் பாட்டியின் பாட்டை வைக்க எனக்குத் தெரிந்து பொருத்தமான இடம் அதுதான். நம்மிடம் அப்படியொரு அறை கிடையாது.

பதிவைப் பாடியவர்களின் ஊருக்கே திரும்பக் கொண்டுபோகும் வேலையில் ஒரு துண்டு நம் பக்கமும் நடந்தது. நெதர்லாந்துக்காரர் ஆர்னால்டு பாகே 1938இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிப் பாட்டையும் கூத்தையும் ஒலியாகவும் படமாகவும் பிடித்தார். 1984இல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் அதே ஊர்களைத் தேடிப் போனார்கள், போட்டுக் காட்டினார்கள், மிஞ்சியது எது, மாறியது எது என்று பதிந்தார்கள். வெளிநாடுகளில் கிடந்த இப்படிப்பட்ட பதிவுகளின் பிரதி இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு 1982இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் இன்று குருகிராமில் இருக்கிறது. நல்ல காப்பகம். ஆனால் பூம்புகாரை அடுத்த வானகிரியிலிருந்து ஒருவர் தன் தாத்தாவின் குரலைக் கேட்கக் குருகிராமுக்குப் போவாரா?

1903 முதல் 1916 வரை சென்னை வழியாகப் பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், சுமார் பதினைந்தாயிரம் தென்னிந்தியர்கள். பாரதி அவர்களுக்காக எழுதிய பாட்டு நமக்கு மனப்பாடம். அவர்களே பாடிய பாட்டுகள்? பசிபிக்கில் தேட வேண்டிய தமிழ்ப் பாட்டும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்

பணம் இல்லை என்ற பேச்சு இந்த விஷயத்தில் எடுபடாது. ஒரு காலத்தில் பதிவுக் கருவி ஒரு ஜீப் நிறைய இருக்கும். இன்று கல்லூரிப் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறது. மெழுகு உருளைக்குத் தேய்மானம். கேசட்டுக்குக் கடற்கரை ஈரமும் பூஞ்சையும். காந்த நாடாவில் இருப்பதை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. நாடா கெடுவது ஒரு பக்கம். அதை ஓட்டும் இயந்திரமும் பழுது பார்க்கும் ஆளும் அருகிப்போவது மறுபக்கம். அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆகவே பரணில் கேசட் பெட்டி இருக்கிறவர்கள் நாளை என்று தள்ளிப்போட வேண்டாம்.

புதிதாகப் பதிகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. போனில் பதிந்தாலும் சுருக்காத 'வேவ்' கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிய வழி இருந்தால் அப்படியே பதியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலப்படி என்று நம்பாதீர்கள். அது ஒலியை நசுக்கி அனுப்பக்கூடும். கடற்காற்று மைக்கில் அடித்தால் பாட்டு கேட்காது, ஒரு பஞ்சு உறை போதும். இரண்டு பிரதி இரண்டு வீட்டில் இருக்கட்டும். இதைவிட முக்கியம், பாட்டு தொடங்குமுன் பாடுகிறவரே தன் பெயர், ஊர், என்ன வேலைக்குப் பாடுவது, யாரிடம் கற்றது என்று தன் குரலில் சொல்ல வேண்டும். யார் கேட்கலாம் என்பதையும் சேர்த்து. குறிப்பேடு தொலையும், கோப்பின் பெயர் மாறும். குரலுக்குள்ளேயே பெயர் இருந்தால் எங்கே போனாலும் ஆள் தெரியும். பிரதி ஒன்று அன்றைக்கே பாடியவர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

அரசிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமாகிவிட்டது. அந்த மாவட்டத்துக்கென்று ஓர் ஒலிக் காப்பகம் வேண்டும். அதற்குக் கலைக்கூடத்திலேயே குளிர்சாதன வசதியோடு ஓர் அறை ஒதுக்கினால் போதும். குப்பத்துக்கு ஒருவர், ஊராட்சிக்கு ஒருவர் என்று உள்ளூர் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தர வேண்டும். தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தென்னகப் பண்பாட்டு மையமும் இருக்கின்றன. சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. சிற்பம் பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகள் காதில் மாட்டிக் கேட்க நான்கு ஹெட்போன் வைக்கலாம். ஊர்க்காரர்கள் அனுமதித்த பாட்டு மட்டும், பாடியவர் பெயரோடு.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அப்பாயியோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்காலியில் உட்கார வைத்து 'பாடு' என்று சொல்லாதீர்கள். அவர் செய்த வேலை எதுவோ அந்தப் பொருளைக் கையில் கொடுங்கள், கயிறோ, முறமோ, உலக்கையோ. பெயரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.